பாதயாத்திரை வண்டிக்குச் சுழல் விளக்கு வைக்கலாமா? எந்த நிறம் யாருக்கு?

கேட்டவர் காரைக்குடிக்காரர். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் குழு ஒன்றுக்குத் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு இவருடைய குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) பின்னாலேயே வரும். அதிகாலை இருட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போவதால் வண்டிக் கூரையில் சுழல் விளக்கு மாட்டிவிடலாம் என்று யோசனை. கடையில் சிவப்பு-நீலம் காட்டி, "ஆம்புலன்ஸ் மாதிரி பளிச்சென்று தெரியும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் மைத்துனரோ, "மஞ்சள் வை, அதை யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறாராம். கூடவே இரண்டு கிளைக் கேள்விகள்: சித்தப்பாவின் நெல் அறுவடை இயந்திரம் ரோட்டில் போகும்போது என்ன செய்வது, ஊர் டிரஸ்ட் வாங்கப்போகும் ஆம்புலன்ஸுக்கு என்ன விதி.

சிவப்பு-நீலம் வேண்டவே வேண்டாம். மஞ்சளும் உங்கள் மைத்துனர் நினைப்பது போல் எல்லோருக்கும் திறந்துவிட்ட நிறம் இல்லை, அவர் ஊரிலும் இல்லை. கூரையை விட்டுவிட்டு வண்டியின் பின்பக்கத்தையும் நடப்பவர்களின் முதுகையும் கவனியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 108-ஆவது விதிதான் இதற்கெல்லாம் அடிப்படை. அதன் முதல் வரி ரொம்ப எளிமையானது: எந்த வண்டியும் முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு விளக்கு காட்டக் கூடாது. மற்றதெல்லாம் இந்த வரிக்கு விதிவிலக்குகள். வண்டிக்குள் எரியும் விளக்கு, மஞ்சள் இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டைக் காட்டும் வெள்ளை விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, டிராக்டரில் பின்னால் இருக்கும் கலப்பையைப் பார்க்க வைத்திருக்கும் விளக்கு, நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸின் மினுக்கும் விளக்கு. இப்படி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் விட்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாதது கூடாது என்று பொருள்.

இது வெறும் அதிகாரிகள் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். திருப்பத்தூரிலிருந்து சிங்கம்புணரி போகிற ரோட்டில் தெருவிளக்கு இல்லாத ஓரிடத்தை எண்ணிப் பாருங்கள். எதிரே ஒரு வண்டி இருக்கிறது. அது நம்மை நோக்கி வருகிறதா, நமக்கு முன்னால் போகிறதா, நிற்கிறதா என்பதை டிரைவர் நிறத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார். வெள்ளை என்றால் வருகிறது, சிவப்பு என்றால் போகிறது அல்லது நிற்கிறது. யோசித்துச் செய்வதில்லை, கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி சிவப்பும் நீலமும் அடிக்கிற ஒரு பொருளைக் கூரையில் வைத்தால் அந்தக் கணக்கு குழம்புகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு நொடி குழம்பினால் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுவார். உங்கள் குழுவில் பத்துப் பதினைந்து பேர் நடக்கிற நீளம் அது.

சரி, சிவப்பு-நீலம்-வெள்ளை கலந்த பல வண்ண விளக்கு யாருக்கு? 2017-க்கு முன்னால் இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. அமைச்சர் காருக்குச் சிவப்பு, மற்ற அதிகாரிகளுக்கு வேறு ஏற்பாடு என்று மத்திய, மாநில அரசுகள் பட்டியல் போட்டுக்கொண்டே போயின. பட்டியலில் இல்லாதவர்களும் வைத்துக்கொண்டார்கள். 2013 டிசம்பரில் அபய் சிங் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. அரசியலமைப்புப் பதவியில் இருக்கும் உயர் பிரமுகர்களைத் தாண்டிச் சிவப்பு விளக்கு போகக் கூடாது என்பது அதன் சாரம். பிறகு 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி மத்திய அமைச்சரவை அந்தச் சலுகையையே ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. மே 1 முதல் குடியரசுத் தலைவர், பிரதமர் கார் உட்பட யாருக்கும் பதவிக்காகச் சுழல் விளக்கு கிடையாது.

இப்போது பல வண்ண விளக்கு பதவியைப் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கிறது. தீயணைப்பு, சட்டம் ஒழுங்கு வேலையில் இருக்கும் போலீஸ், ராணுவம், துணை ராணுவம், வெள்ளம், புயல், நிலநடுக்கம், சுனாமி போன்ற பேரிடர்களையும் ரசாயன, அணு விபத்துகளையும் சமாளிக்கப் போகும் வண்டிகள். அவையும் அந்த வேலையில் இருக்கும்போது மட்டும்தான் போட வேண்டும். வேலை முடிந்து திரும்பும்போது அணைக்க வேண்டும். கவுன்சிலர் கார், பத்திரிகைக்காரர் கார், பேங்குக்குப் பணம் கொண்டுபோகும் வண்டி, கல்யாண மாப்பிள்ளை கார் எதுவும் இதில் வராது. தண்ணீர் வண்டியும் வராது, நோக்கம் எவ்வளவு புண்ணியமானதாக இருந்தாலும்.

இனி மஞ்சளுக்கு வருவோம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஹைவே ரோந்து வண்டி, ரோடு பெருக்கும் இயந்திரம், பழுதான வண்டியை இழுக்கும் ரிக்கவரி வண்டி, பெரிய பாய்லரோ காற்றாலை இறக்கையோ ஏற்றிய டிரெய்லருக்கு முன்னும் பின்னும் போகும் பைலட் ஜீப், எல்லாவற்றிலும் மஞ்சள் சுழல்வதைப் பார்க்கிறோம். அதனால் மஞ்சள் பொதுச்சொத்து என்று தோன்றிவிடுகிறது. ஆனால் 108-ஆவது விதியின் வாசகம் கூரை மேல் மஞ்சள் விளக்கைப் பேசும்போது, விமான நிலையம், துறைமுகம் மாதிரி வளாகத்துக்குள் ஓடி, பொதுச் சாலைக்கு வெளியே வராத வண்டிகளைத்தான் சொல்கிறது. தனியார் சரக்கு வண்டி ஒன்று பொதுச் சாலையில் கூரை மேல் மஞ்சள் போட்டுக்கொள்ளலாம் என்று அதில் வெளிப்படையான அனுமதி இல்லை. நடைமுறையில் மஞ்சளை நிறுத்திக் கேட்பது குறைவு, உண்மைதான். கேட்பது குறைவு என்பதும் அனுமதி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது இன்ஸ்பெக்டர் கழற்றச் சொன்னால் நீங்கள் வாதாட இடமில்லை.

உங்கள் மைத்துனர் சொல்வதற்கும் ஒரு அடிப்படை உண்டு. பிரிட்டனில் 1989-ஆம் ஆண்டின் வாகன விளக்கு விதிகளின்படி, மணிக்கு 25 மைலுக்கு (சுமார் 40 கிலோமீட்டர்) மேல் போக முடியாத நான்கு சக்கர மோட்டார் வண்டிகள், வேக வரம்பு தளர்ந்த, நடுவில் தடுப்பு உள்ள இரட்டைச் சாலைகளில் மஞ்சள் சுழல் விளக்கு போட்டே ஆக வேண்டும். டிராக்டர்காரர்களுக்கு அங்கே அது பழக்கப்பட்ட விஷயம். ஆனால் அங்கும் யார் வேண்டுமானாலும் வைக்க முடியாது. ரோடு வேலை, குப்பை வண்டி, பழுது மீட்பு, அளவு மீறிய அகல வண்டி, அதற்குத் துணை போகும் வண்டி என்று அங்கேயும் பட்டியல்தான். அவசர அழைப்புக்குப் போகும் பதிவு பெற்ற டாக்டருக்குப் பச்சைகூட உண்டு. நம் சட்டத்தில் டாக்டருக்கு அப்படி ஒரு நிறம் கிடையாது. பிளஸ் குறி போட்ட ஸ்டிக்கரும் வழி வாங்கித் தராது.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரு கருத்து மட்டும் இதில் முக்கியம். மஞ்சள் "பார்த்துப் போ" என்று சொல்கிற நிறம், "வழி விடு" என்று சொல்கிற நிறம் இல்லை. மஞ்சள் சுழல வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறுகிறவர்களுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

அந்தக் கடைக்காரர் காட்டிய பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டு எல்.ஈ.டி. பலகை, நடுவில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி, அதில் ஒரு பொத்தான். அமுக்க அமுக்க வடிவம் மாறும்: இடது வலது மாறி மாறி, இரண்டிரண்டாக, கடைசியில் கண்ணைக் குத்தும் வேகத்தில் ஒரு துடிப்பு. வாங்குகிறவர்கள் அந்தக் கடைசி வடிவத்தைத்தான் விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். எச்சரிக்கை விளக்குகளுக்காக ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 65-ஆவது ஒழுங்குமுறை, நொடிக்கு 2 முதல் 4 முறை வரை மினுக்கினால் போதும் என்கிறது. அதில் காரணம் இருக்கிறது. மெதுவாகத் துடிக்கும் விளக்கைக் கண் தொடர முடியும். தூரத்தை ஓரளவு கணிக்க முடியும். வேகமாக வெட்டும் விளக்கு ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரியும், எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் என்பது தெரியாது. அதைவிட மோசம், அந்த வெளிச்சத்தைச் சுற்றி இருப்பது எதுவும் தெரியாது. வண்டி பளிச்சென்று தெரியும். அதற்குப் பக்கத்தில் காவித் துண்டோடு நடக்கும் ஆள் இருட்டில் காணாமல் போவார். நீங்கள் காப்பாற்ற நினைப்பது அவரைத்தானே?

வயரிங்கையும் கவனியுங்கள். அவசரத்துக்கு மாட்டித் தருகிறவர்கள் பின் விளக்கு வயரைச் சீவி அதிலேயே முறுக்கிவிடுவார்கள். பழைய மாதிரிச் சுழல் விளக்கு, உள்ளே 55 வாட் ஹாலஜன் பல்பும் சுழலும் கண்ணாடியும் இருப்பது, 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய பின் விளக்கு வயர் அதற்குப் போட்டது இல்லை. ஃபியூஸ் போனால் சுழல் விளக்கோடு டெயில் லைட்டும் சேர்ந்து அணையும். இருட்டில் அதற்கு மேல் ஆபத்து வேறு இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? சட்டம் ஏற்கனவே உங்கள் வண்டியில் நாலு மஞ்சள் மினுக்கு விளக்கைக் கொடுத்திருக்கிறது: இண்டிகேட்டர்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மினுக்க வேண்டும் என்று அவற்றுக்கு விதியே உண்டு. நிற்கும்போது நாலையும் சேர்த்துப் போடுங்கள். ஓடும்போது போட்டுக்கொண்டே போவது எனக்கு உடன்பாடில்லை. நாலும் எரிந்தால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

இன்னொன்று, நடப்பவர்களின் வேகத்தில் தார்ச் சாலையிலேயே ஊர்ந்து வராதீர்கள். பாதயாத்திரைக் குழுக்கள் செய்கிற பெரிய தவறு இது என்பது என் எண்ணம். மணிக்கு 4 கிலோமீட்டரில் நகரும் வண்டிக்குப் பின்னால் 70-இல் ஒரு லாரி வந்தால், லாரிக்காரர் கடைசி நேரத்தில் வலது பக்கம் ஒடிப்பார். எதிரே பஸ் வந்தால் இடது பக்கம் ஒடிப்பார். இடது பக்கம் யார் நடக்கிறார்கள்? வண்டி குழுவைத் தாண்டிப் போய் மண் ஓரத்தில் முழுதாக இறங்கி நிற்கட்டும், குழு வந்து சேரட்டும், தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி முன்னால் போகட்டும். தாவித் தாவிப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவிலும் பாலத்தின் மேலும் நிறுத்த வேண்டாம். நிற்கும் இடத்துக்குப் பின்னால் நல்ல தூரத்தில் சிவப்பு முக்கோணப் பலகை ஒன்றை வையுங்கள்.

வண்டியின் பின்பக்கத்தைக் கழுவுங்கள். சிரிக்காதீர்கள், தை மாதப் பனியும் செம்மண் புழுதியும் சேர்ந்தால் இரண்டே நாளில் ரிஃப்ளெக்டர் செத்துவிடும். ஒளிரும் பட்டை ஒட்டும்போது நிறத்தை மாற்றாதீர்கள்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. மேலே சொன்ன அதே கணக்குதான். அடுத்து நடப்பவர்கள். போலீஸார் ஒட்டித் தரும் ஒளிரும் ஸ்டிக்கரை வாங்கிப் பைக்கு உள்ளே வைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். முதுகுப் பையின் வெளிப்பக்கம் ஒன்று, முடிந்தால் கணுக்காலில் ஒன்று. கணுக்கால் ஏன் என்றால், கால் அசையும்போது பட்டை மேலும் கீழும் ஆடும். அது ஆள் என்பது டிரைவருக்கு உடனே புரியும். குழுவின் கடைசி ஆளிடம் சிவப்பு டார்ச், முதல் ஆளிடம் வெள்ளை டார்ச். சுழல் விளக்கு வாங்க வைத்திருக்கும் காசில் குழு முழுவதற்கும் ஒளிரும் மேல்சட்டை எடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

முருகன் படம் வைத்து, சீரியல் செட் சுற்றி, ஜெனரேட்டரோடு வரும் அலங்கார வண்டி உங்கள் குழுவிலும் இருக்கும். அலங்காரத்தை எடுக்கச் சொல்லி நான் யாரிடமும் கெட்ட பெயர் வாங்கத் தயாராக இல்லை. பின்பக்கக் கதவில் மட்டும் ஓடும் விளக்கு வேண்டாம். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூன்றும் பூ மாலைக்கும் பேனருக்கும் பின்னால் ஒளியாமல் இருக்கட்டும்.

சித்தப்பாவின் அறுவடை இயந்திரம். பல மாடல்களில் தொழிற்சாலையிலேயே மஞ்சள் சுழல் விளக்கு பொருத்தி வருகிறது. அப்படி வந்ததைக் கழற்ற வேண்டாம், அதோடு வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அந்த இயந்திரத்தில் ஆபத்து அகலத்தில்தான் இருக்கிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வெட்டுப் பகுதி பாதிச் சாலையை விழுங்கிவிடும், ஹெட்லைட் உள்ளே தள்ளி இருப்பதால் எதிரே வருகிறவர் அதை ஒரு சின்ன வண்டி என்று நினைத்து ஒட்டி வருவார். வெட்டுப் பகுதியைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு பகலில் நகர்த்துவதுதான் சரி. இரவில்தான் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும் என்றால் முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. தேவகோட்டைப் பக்கம் அறுவடைக் காலத்தில் இரவு ரோட்டில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டெயில் லைட்டே இல்லாத நெல் மூட்டை டிராக்டர் டிரெய்லரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

ஆம்புலன்ஸ் கேள்விக்கு வருகிறேன். விதி சொல்வது, நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியில் ஊதாக் கண்ணாடியோடு கூடிய மினுக்கும் சிவப்பு விளக்கு. இன்று ஓடுகிறவற்றில் பெரும்பாலும் நீலமும் சிவப்பும் கலந்த எல்.ஈ.டி. பட்டைகளைத்தான் பார்க்கிறோம். ஆம்புலன்ஸ் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 125 என்ற தனித் தரநிலையே இருக்கிறது. அதனால் டிரஸ்ட் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே ஸ்ட்ரெச்சரும் மேலே விளக்கும் வைத்து ஆம்புலன்ஸ் என்று பெயர் எழுதலாம் என்று நினைத்தால் வேண்டாம். தரநிலைப்படி கட்டித் தருகிற வண்டியை வாங்குங்கள். ஆர்.சி.யில் வண்டி வகை ஆம்புலன்ஸ் என்றே பதிவாகட்டும்.

சைரனுக்கு 119-ஆவது விதி. பல சுரத்தில் கத்தும் ஹாரன் பொதுவாகக் கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற சில வண்டிகளுக்கு மட்டும், பதிவு செய்யும் அதிகாரி ஒப்புக்கொண்ட ஒலி. மற்றவர்கள் சத்தம் போட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு: மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அதோடு மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி இழப்பு. விளக்கு மட்டும் என்றால் பொதுவாக 177-ஆவது பிரிவுதான், முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 வரை. தொகை சின்னதாகத் தோன்றலாம். நடு வழியில் வண்டியை நிறுத்திக் கழற்ற வைத்தால் குழு தண்ணீருக்குக் காத்திருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவர்களுக்கு 2019-இல் சேர்த்த 194இ பிரிவு: ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் ஸ்பாட்டிலேயே 10,000 ரூபாய் வசூலிக்கும் ஏற்பாடு வந்தது. 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் முன்னுரிமைக்கு ஒரு வரிசையும் வைத்திருக்கின்றன: முதலில் தீயணைப்பு, அடுத்து ஆம்புலன்ஸ், அதற்கடுத்து போலீஸ். சிக்னலில் சிவப்பு விழுந்தாலும் ஆம்புலன்ஸ் கடக்கலாம், ஆனால் மற்றவர்கள் நின்றுவிட்டார்களா என்று பார்த்து, கவனமாக. பாதயாத்திரைக் கூட்டமும் இதில் அடக்கம். பின்னால் சைரன் கேட்டால் பஜனையை நிறுத்தி, எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்க வேண்டும். பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் ஓடினால் வண்டி நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக, டிரஸ்ட் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி வைத்துவிட வேண்டிய ஒன்று. ஊரில் யாராவது தவறிப்போனால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ உடலைக் கொண்டுவர இதே வண்டியைக் கேட்பார்கள். மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் விதி சலுகை தருவது நோயாளிக்கு. அமரர் ஊர்திக்கு மினுக்கு விளக்கும் கிடையாது, சைரனும் கிடையாது. உடலை ஏற்றி வரும்போது ஆம்புலன்ஸும் அமரர் ஊர்திதான். நோயாளியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதும் அப்படியே. டிரைவரை வேலைக்கு எடுக்கும்போதே இதை எழுத்தில் கொடுத்து, சுவிட்ச் பக்கத்திலும் ஒட்டிவையுங்கள்.